திங்கட்கிழமை ஏழு நாற்பது

எங்கள் ஸ்டேஷன் ஒரு பெட்டி ஐஸ்கட்டிக்காகப் பிறந்தது. இதைச் சொன்னால் இன்றைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. ஊர் வளர்ந்தது, ஜனங்கள் கேட்டார்கள், சர்க்கார் கொடுத்தது என்று ஏதாவது கௌரவமான கதை வேண்டுமாம் அவர்களுக்கு. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? தோட்டத்துத் துரைக்குச் சாயங்காலம் விஸ்கியில் போட ஐஸ் வேண்டும். ஐஸ் ஜொகூர் பாரு பட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். கூலாய்க்குப் போகிற ரயிலோ அவருடைய ரப்பர் மரங்களை உரசிக்கொண்டு போகிறது. துரை யாரிடமோ பேசினார். மறுவாரத்திலிருந்து சாயங்கால வண்டி எங்கள் செம்மண் மேட்டருகே ஒரு நிமிடம் நின்று, மரத்தூளில் புதைத்த ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டுப் போயிற்று. காலிப் பெட்டி திரும்பிப் போக வேண்டுமல்லவா? அதற்காகக் காலை வண்டியும் நின்றது.

நின்ற வண்டியில் மனுஷன் ஏறாமல் இருப்பானா? காலையில் பெட்டியோடு ஏறி, சாயங்காலம் பெட்டியோடு இறங்கினோம். அந்த இடத்தில் நிற்க முறையான உரிமை ஐஸ் பெட்டிக்கு மட்டுமே இருந்தது. முதலில் போட்ட கூரையும் அதற்குத்தான், உருகக் கூடாதென்று. கூரைக்கடியில் பெட்டி இருக்கும், வெயிலில் நாங்கள் நிற்போம். பிறகு பிளாட்பாரம் போட்டார்கள், ஒன்றரை ரயில் பெட்டி நீளத்துக்கு. மூன்றாம் வகுப்பு எப்போதும் அதைத் தாண்டித்தான் நிற்கும், குதித்துத்தான் இறங்க வேண்டும். பெயர்ப்பலகையும் வந்தது. தோட்டத்தின் பெயரை எழுதச் சொன்னார் துரை. பக்கத்து ஓடையின் பெயரை எழுதுவோம் என்றது ரயில்வே. இருவரும் விட்டுக்கொடுக்காததால், கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் பலகை ஒன்று வெறுமனே நின்றது. பல வருஷம் அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஊர் வந்துவிட்டது என்று இறங்கினோம்.

இந்த ஸ்டேஷனைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் எனக்கு அது, என் மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன ஸ்டேஷன். எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் ஒரு முழு நாள் இருக்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தது. அதை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வருஷம் முழுவதும் எனக்கு வேறு யோசனை கிடையாது. மற்ற கூத்தெல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது.

கூத்தை ஆரம்பித்து வைத்தது கால அட்டவணை. ஜொகூர் பாருவில் வாடகை கொடுத்து மாளாமல் எங்களைப் போன்ற கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், இந்தப் பக்கம் வந்து பலகை வீடு போட்டிருந்தோம். நான் ஒரு மரக்கடையில் கிராணி. இன்னும் இருபது பேர் இருப்பார்கள், ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் சரக்குக் கிட்டங்கிக்கும் போகிறவர்கள். காலை ஏழு இருபது வண்டி எங்கள் வண்டி. காஸ்வே கட்டி, ரயில் கடலைத் தாண்டி நேராகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியதும் எல்லா நேரத்தையும் மாற்றினார்கள். எங்கள் வண்டி ஏழு நாற்பது ஆயிற்று.

இருபது நிமிடம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஏழு இருபதுக்கு ஏறிய வரைக்கும் ராகு எங்கள் வாலைக்கூடத் தொட்டதில்லை. இப்போது வாரா வாரம் சரியாக அதன் வாயிலேயே ஏறி உட்கார வேண்டியதாயிற்று.

தினமும் போகிற வேலைக்கு யாராவது ராகுகாலம் பார்ப்பார்களா என்று நானும் கேட்டேன். எங்கள் கூட்டத்துக்குப் பெரிய மனிதர் ஒருவர் இருந்தார், கோர்ட்டில் முப்பது வருஷமாகக் கிராணி. பொய்ப்பல் கட்டியிருந்தார். கோர்ட்டுக் கிராணி என்றால் சும்மாவா, எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார்.

"செவ்வா, புதன் போறது பயணமில்ல தம்பி, அது வேல. ஞாயித்துக்கெழம வீட்ல ஒக்காந்துட்டு திங்கக்கெழம கெளம்புறோம் பாருங்க, அது புதுப் பயணம்" என்றார்.

சரி, ஏழே காலுக்கே வீட்டைவிட்டு இறங்கிவிட்டால் கிளம்பியதாகத்தானே அர்த்தம் என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். முதல் திங்கட்கிழமை தண்டவாளத்தில் ஓர் எருமை படுத்துக்கொண்டு வண்டியை மூன்று மணி நேரம் நிறுத்தியது. இரண்டாவது திங்கட்கிழமை கோர்ட்டுக் கிராணியே படியில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அதோடு தீர்ப்பு மாறியது. வீட்டுப் படியைத் தாண்டுவது செல்லாது, சக்கரம் உருளுகிற நேரம்தான் செல்லும்.

இதை ஒரு பொறியியல் பிரச்சினை போல எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் வாதாடினார்கள். பஞ்சாங்கம் தமிழ்நாட்டில் அச்சடித்தது, இங்கே ஏழு நாற்பது என்றால் மதராசில் இன்னும் ஆறே கால்கூட ஆகியிருக்காது, ஆகவே ராகு இன்னும் புறப்படவில்லை என்றார் கிட்டங்கியில் நிறுவைக் கிராணியாக இருந்தவர். "ராகு என்ன கப்பலேறியா வருது? எங்க இருந்தாலும் பொழுது விடிஞ்ச கணக்குதான் லா!" என்று இன்னொருவர் அவர் வாயை அடைத்தார். கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை மட்டும் வண்டியைப் பதினைந்து நிமிடம் முன்னால் விடும்படி மனு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்தப் பகுதியில் ராகு என்ற பெயரில் எந்த வண்டியும் ஓடவில்லை, ஆகையால் ஏழு நாற்பது வண்டியோடு அது மோத வாய்ப்பில்லை, பயணிகள் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் கோர்ட்டுக் கிராணி பரஸ்தானம் வைக்கலாம் என்று சொன்னார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. புறப்பட வேண்டிய நேரம் கெட்ட நேரமாக இருந்தால், அதற்கு முந்தியே ஒரு நல்ல நேரத்தில் நம்முடைய குடையையோ துண்டையோ கொண்டுபோய், போகிற வழியில் வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும். சாமான் புறப்பட்டுவிட்டதால் நாமும் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் ஆள் போனாலும் தோஷமில்லை. போகிற வழியில் வேறோர் இடம் என்றால் ஸ்டேஷனைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்குப் பிறக்கும். அதனால் மூன்று மணிக்கு எல்லோரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு சாமானை ஐஸ் கூரைக்கடியில் வைத்தார்கள். நான் வேடிக்கை பார்க்கவே போனேன். குடை வைத்தவர்கள் உண்டு, கோட்டு வைத்தவர்கள் உண்டு. பெரும்பாலோர் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். ஒருத்தர் சாயங்காலம் வெளியே போக வேண்டும் என்று இடது செருப்பை மட்டும் வைத்துவிட்டு, வலது செருப்போடு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். நிறுவைக் கிராணி மூக்குக் கண்ணாடியை வைத்தார். மறுநாள் அவர் கண் தெரியாமல் எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறிக் கூலாய்க்குப் போய்ச் சேர்ந்தார். கோர்ட்டுக் கிராணி உடம்போடு ஒட்டியதாக இருந்தால் பலன் கூடுதல் என்று சொல்லி, பொய்ப்பல்லைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

இதெல்லாம் இந்த அளவோடு நின்றிருக்கும். ஆனால் அட்டவணை மாறியபோது எங்களுக்கென்று ஒரு ஸ்டேஷன் மாஸ்டரையும் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் விபூதி, மாலையில் தேவாரம், நடுவில் ரயில்வே விதிப் புத்தகம். பிளாட்பாரத்தில் ஆளில்லாமல் கிடக்கிற சாமானை அட்டை கட்டி, அடுத்த வண்டியில் ஜொகூர் பாருவில் இருக்கும் தொலைந்த சாமான் அறைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தார். ஐந்து மணி வண்டி ராகுகாலத்தில் வருகிறது என்று அதை விட்டுவிட்டு ஆறரை வண்டியில் ஏற்றினார்.

திங்கட்கிழமை காலை வந்தவர்கள் கூரையடி துடைத்துவிட்ட மாதிரி கிடப்பதைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள்.

"நான் என்ன செய்யிறது? விதி எண்டால் விதிதான். உங்கட சாமான் எல்லாம் நேற்றே ஜொகூர் பாரு போய்ச் சேர்ந்திட்டுது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

சட்டையைப் பிடிக்கப் போன கைகள் அப்படியே நின்றன. கோர்ட்டுக் கிராணியின் பொக்கை வாய் மெதுவாக மலர்ந்தது. "அப்ப நாம பொறப்பட்டது மட்டுமில்லய்யா. போயே சேந்துட்டோம்!" என்றார். பல்லில்லாமல் அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கைகொடுத்துவிட்டு வண்டி ஏறினார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது, எல்லோரும் செருப்பையும் சேர்த்தே வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஜொகூர் பாரு ஸ்டேஷனில் கோட்டுப் போட்டு டை கட்டிய இருபது பேர் வெறுங்காலோடு இறங்கி, கல் குத்தக் குத்த நடந்து, தொலைந்த சாமான் அறை வாசலில் வரிசை பிடிப்பார்கள். சீனர்கள் இதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து வழிவிட்டு நிற்பார்கள். அந்த அறையில் இருந்தவர் சொங்கோக் தொப்பி போட்ட ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். மாதத்துக்கு இரண்டு குடையைத் தவிர வேறு எதையும் பார்த்தறியாத மனிதர். எங்கள் செருப்புக் குவியல் வந்த பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பேனாவுக்குப் புது நிப்பு மாட்டி, ஒவ்வொரு சாமானையும் அடையாளம் கேட்டுத்தான் கொடுத்தார். பல்லை வாங்க வந்த கோர்ட்டுக் கிராணியிடம் அது உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டாராம். கிராணி அங்கேயே மாட்டிக் காட்டினார்.

மேலிடத்துக்கு வேறு கவலை வந்துவிட்டது. மொத்தப் பாதையிலும் இந்தப் பெயரில்லாத ஸ்டேஷன் ஜனங்களைப் போல மறதிக்காரர்கள் இல்லையே, காரணம் என்ன என்று விசாரிக்க ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவர் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் அடைத்துக்கொண்டு போனார். ஞாபகமாகச் செருப்புப் போட்டுக்கொள்ளவும் என்று மூன்று பாஷையில் ஒரு பலகை வந்தது. ஊர்ப்பெயர் எழுத ஆளில்லாத இடத்தில் இதை எழுத மட்டும் ஆள் இருந்தது.

அந்த வண்டிக்காரர்களில் நான் ஒருத்தன்தான் திங்கட்கிழமை செருப்போடு போனவன். வேண்டுமென்றே டக் டக் என்று சத்தம் வர நடப்பேன். வெறுங்கால் வரிசையைக் கடக்கும்போது, "என்னங்க, உங்க கால் இன்னும் வந்து சேரலையா?" என்பேன். அவர்களுக்கு என்மேல் எரிச்சல். எனக்கு அதில் ஒரு கொழுப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இதற்குள் என் மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டது. முதல் இரண்டும் வீட்டில் பிறந்தவை. இந்தத் தடவை வீட்டில் வேண்டாம் என்று தோட்டத்து டிரெசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், எங்களுக்கு அவர்தான் டாக்டர். ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு டாக்டரம்மா வருவாள். அவளுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"ரெண்டு தடவையும் என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். அதப் படிச்சாத்தான் அவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும். கடுதாசி இல்லாம போயிடாதீங்க" என்றார்.

பத்து மணிக்குப் போய்ச் சேர ஏழு நாற்பதை விட்டால் வேறு வண்டி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி உள்ளே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கான மூட்டையைப் பழைய சேலையில் கட்டி மூலையில் வைத்திருந்தாள். மணி இரண்டே முக்கால். எனக்கு ராகு கேதுவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் என் கண் அந்த மூட்டையை விட்டு நகரவில்லை. நம்பாமல் இருந்து இரண்டைக் கொடுத்தாயிற்று, மூன்றாவதையும் என் திமிருக்குப் பலி கொடுப்பதா என்று நினைத்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. பயத்தில் ஆளே மாறிப்போனேன். அவளை எழுப்பிக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. மூட்டையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காமல் ரப்பர் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

யாரும் பார்க்காமல் போக அது என்ன திருட்டு வீடா? இருபது பேரும் அங்கேதான் நின்றார்கள். என்னையும் மூட்டையையும் பார்த்தார்கள். இத்தனை நாள் நான் பேசிய பேச்சுக்கு அவர்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். ஆனால் என் வீட்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டுக் கிராணி குனிந்து தன் பிஸ்கட் டின்னைக் கொஞ்சம் நகர்த்தி, மூட்டைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவள் மூலையைப் பார்த்தாள். "மூட்டை எங்கங்க?"

"போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு?"

"ஜொகூர் பாருக்கு. நேத்தே."

அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்களுமா?" என்றாள். பிறகு சட்டென்று முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, கடுதாசி அதுக்குள்ளதானே வச்சேன்!"

"பயப்படாதே, இறங்கினதும் வாங்கிக்கலாம். துணியும் கடுதாசியும்தானே?" என்றேன். துணியும் கடிதமும்தான் என்று அவள் சொல்லவில்லை. திரும்பிக்கொண்டு தலை வாரத் தொடங்கினாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு வழக்கம்போலப் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நின்றது. நிறைமாதக்காரியை அந்த உயரத்துக்கு ஏற்றுவது எப்படி என்று நான் திகைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷன் மாஸ்டர் தன்னுடைய நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வெறுங்கால் கிராணிகள் நாலு பேர் ஜல்லிக்கல்லில் நின்று நாற்காலியின் நாலு காலையும் பிடித்துக்கொண்டார்கள். "மெள்ள ஏறும் பிள்ளை, அவசரமில்லை. நான் கொடி காட்டாமல் வண்டி போகாது" என்றார். விதிப் புத்தகத்தையே மறந்து அவர் ஓடியது அன்று ஒரு நாள்தான்.

தொலைந்த சாமான் அறையில் எங்களுக்கு வரிசையை விட்டுக்கொடுத்தார்கள். கல் பாவிய தரையில் நின்றபடி நான் படபடவென்று பேசினேன். மூட்டை எங்களுடையது, அவசரம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"உள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க தம்பி. நான் பிரிச்சுப் பாத்து எழுதணும். ரூல் அப்படி."

"சேல மூணு. துண்டு ரெண்டு. சீப்பு. தேங்காயெண்ணெய்ச் சீசா. டாக்டரம்மாவுக்கு ஒரு கடுதாசி. அவ்வளவுதான்."

அவர் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் கை மூட்டையை விடவில்லை. "சரியா வரலையே. இன்னும் ரெண்டு உருப்படி இருக்கு. சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. உளறினேன். ரவிக்கையா என்றேன். தலையணை உறையா என்றேன்.

"சட்டை" என்றாள் என் மனைவி. "ரெண்டு. சின்னது."

"யாருது தங்கச்சி?"

"கொழந்தையோடது."

"போட்டதா, புதுசா?"

"போடல" என்றாள்.

பெரியவர் அவற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளைத் துணியில் கையால் தைத்தவை, என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. ஒன்று கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. முதல் குழந்தைக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று. பிறக்கும் முன்னால் குழந்தைக்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவள் எப்போது தைத்தாள் என்றே எனக்குத் தெரியாது. அந்தந்த நாளில் எல்லாவற்றையும் ஓடையில் விட்டுவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இதையா மூட்டையில் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தாய் என்று கத்த வாயெடுத்தேன். அவள் அந்தச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைக் கண்டதும் வாய் அடைத்துப் போயிற்று. ராகுவுக்கு பயந்து ஒளிந்து ஒளிந்து போனவன் நான். அவளோ எதற்கும் பயப்படாமல் இரண்டையும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

பெரியவர் தாளில் எழுதி அவள் பக்கம் திருப்பினார். "சேல, துண்டு, சீப்பு, எண்ண, கடுதாசி. இதுக்குக் கையெழுத்துப் போடுங்க. சட்டைய உங்ககிட்ட கொடுக்க முடியாது."

"நான்தான் தச்சேன்" என்றாள்.

"தச்சவங்க வேற, ஒடையவங்க வேற தங்கச்சி. என் சட்டைய தையக்காரர்தான் தச்சாரு. அதுக்காக அவருதுன்னு ஆயிடுமா?"

"அலமாக்! என்னாய்யா அநியாயம் இது! புள்ள இன்னும் பொறக்கவேயில்லையே!" என்று பின்னாலிருந்து நிறுவைக் கிராணி கத்தினார்.

பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லன்னு நான் சொன்னேனா? வந்து வாங்கிக்கட்டும்னுதான் சொல்றேன்." பெரிய பதிவேட்டைப் புரட்டி, பேனாவைத் தோய்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "சின்னச் சட்டை இரண்டு. உடையவர் நேரில் வந்து பெற்றுக்கொள்வார்."

நான் மேசையைத் தாண்டி அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். என் மனைவி என் கையைப் பற்றி நிறுத்தினாள்.

"மூணு மாசம் வச்சிருப்போம். அதுக்குள்ள ஒடையவங்க வரலன்னா ஏலத்துக்குப் போயிடும். ஞாபகம் வச்சுக்குங்க" என்றார்.

"அவ்வளவு நாள் ஆகாது" என்றாள் அவள்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஒன்பது மாதமாக எங்கள் வீட்டுக்கு வந்தவர் போனவர் யாரும் அந்தக் குழந்தையைப் பற்றி நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லபடியா நடக்கட்டும் என்பார்கள், பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பிள்ளை வரும் என்று முதன்முதலாக மை தொட்டு எழுதியது ஒரு ரயில்வே பதிவேடு. அந்தப் பெரியவர் மனசறிந்து செய்தாரா, உண்மையாகவே அப்படி ஒரு மடத்தனமான விதி இருந்ததா, எனக்குத் தெரியாது. பின்னால் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். "ரூல் அப்படி தம்பி" என்பதற்குமேல் ஒரு சொல் வராது. ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது என் மனைவி முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். அதை நான் பார்த்தேன்.

டாக்டரம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அவளை அங்கேயே இருத்திக்கொண்டாள். பதினோராம் நாள் பெண் குழந்தை பிறந்தது. என்ன கிழமை, என்ன நேரம் என்று கோர்ட்டுக் கிராணி துளைத்தெடுத்தார். நான் கடைசிவரை சொல்லவில்லை. முதல் நாள் முழுவதும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றேன். பொழுது சாய்ந்தது. மறுநாள் விடிந்தது. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அது அழ அழச் சிரித்த ஒரே தகப்பன் நானாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பல நாள் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தீட்டுக் கழிந்து, நாற்பது நாளும் தாண்டிய பிறகு மூவரும் ஜொகூர் பாருவுக்குப் போனோம். வியாழக்கிழமை, அறையில் கூட்டமில்லை. பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"ஒடையவங்க வந்திருக்காங்க" என்றாள் என் மனைவி.

அவர் பதிவேட்டைப் புரட்டி இடத்தைக் கண்டுபிடித்தார். உடையவருக்குக் கையெழுத்துத் தெரியாது என்பதால் மைத்தட்டைத் திறந்தார். உடையவர் மூடிய கையைத் திறக்க மறுத்தாள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அந்தப் பெருவிரலை விடுவித்து மையில் ஒற்றிப் பதிவேட்டில் அழுத்தினோம். பயறு அளவுக்கு ஒரு கறுப்பு விழுந்தது. அதன்மேல் ஊதிக் காயவைத்துவிட்டு, அவர் சட்டைகளை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

என் மனைவி அந்த மேசையிலேயே குழந்தையைக் கிடத்தி, பழுப்பேறாத சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். முழங்கைக்குமேல் ஏறவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அது கையிலேயே நுழையவில்லை. குழந்தை காலை உதைத்துக்கொண்டு கத்தியது. நான் அவள் முகத்தைப் பார்க்க பயந்துகொண்டு நின்றேன்.

"இது பத்தாதுங்க. எவ்ளோ பெருசாயிட்டா பாருங்க!" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் கடைக்காரனிடம் குறை சொல்கிற குரலாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு குழந்தையைப் பற்றி அதுவரை யாரும் அப்படிக் குறை சொன்னதில்லை.